ஜூன் 24: பாட்டின் பின்னால் நிற்கும் பெயர்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இலங்கையின் கிழக்கில், கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிக் குளிர்த்திச் சடங்கு முடிந்து ஆனி பிறந்ததும் எங்கள் வாசிகசாலையில் ஜூன் 24 பாட்டுக் கூட்டத்துக்கான பேச்சு தொடங்கிவிடும். கல்லடியிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் பாடசாலைப் பிள்ளைகள், அறிவிப்புச் செய்ய வருபவர்கள், இசைக்குழுக்காரர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அந்த நாளில் அப்படி என்ன விசேஷம்?

கவிஞர் கண்ணதாசன் 1927 ஜூன் 24இல் பிறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1928இல் அதே தேதியில் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தார். தமிழ்த் திரைப்பாட்டின் ஆகப் பெரிய கூட்டணிகளில் ஒன்று ஒரே பிறந்தநாளைப் பங்கிட்டுக்கொண்டது. உலகின் மறுபக்கத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. தாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தேலும் அவருடைய பாடலாசிரியர் அல்ஃப்ரெடோ லெ பெராவும் 1935 ஜூன் 24இல் ஒரே விமான விபத்தில் இறந்தார்கள். மெட்டுக்காரரும் வரிக்காரருமாக ஓர் இணை பிறந்த நாளும் இன்னோர் இணை மறைந்த நாளும் ஒன்றே. இந்தத் தேதியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னும் உண்டு. 1966இல் பீட்டில்ஸ் குழு மியூனிக்கில் மேடையேறிய நாள் இது. கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் பிறந்ததும் (1944), ஃப்ளீட்வுட் மாக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட் பிறந்ததும் (1947) இதே நாளில். கத்தோலிக்கருக்கு இது, இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஸ்நாபக அருளப்பரின் பிறப்பு விழா. அதற்குள்ளும் ஓர் இசைச் செய்தி இருக்கிறது. கீழே வருகிறேன்.

கண்ணதாசனும் எம்.எஸ்.வியும் ஒரே தேதியில் பிறந்தது உண்மைதானா, மேடைக்காகச் சொல்லப்படுவதா?

உண்மை. கண்ணதாசன் காரைக்குடிக்கு அருகே சிறுகூடல்பட்டியில் நகரத்தார் குடும்பத்தில் முத்தையாவாகப் பிறந்தவர். விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்து, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றவர். ஊரும் வீட்டுச் சூழலும் வேறு வேறு.

திரையுலகில் பிறந்தநாள்கள் இடம் மாறுவதும் உண்டு. இளையராஜா ஜூன் 3இல் பிறந்தவர். அந்த நாள் கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாள் என்பதால் தம்முடையதை ஜூன் 2இல் கொண்டாடுகிறார். ஜூன் 24 அப்படி மாற்றி வைத்த தேதி அல்ல.

இருவரும் எப்போது சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள்?

இந்தக் கேள்விக்கு மூன்றாவது ஒருவரைச் சேர்க்காமல் பதில் சொல்ல முடியாது. அவர் டி.கே.ராமமூர்த்தி. திருச்சியில் பிறந்த வயலின் கலைஞர், விஸ்வநாதனைவிட ஆறு வயது மூத்தவர். 1952இல் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்தில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி என்ற இரட்டைப் பெயர் வந்தது. அந்தப் படத்தைத் தயாரித்த ஏ.எல்.சீனிவாசன் கண்ணதாசனின் அண்ணன். கண்ணதாசன் தாமே படம் எடுக்க இறங்கி 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யைத் தந்தபோதும் இசை இந்த இரட்டையர்தான். டி.ஆர்.மகாலிங்கத்தின் குரலில் ‘செந்தமிழ்த் தேன்மொழியாள்’ அந்தப் படத்தில்தான் வந்தது.

1961ஐ நினைத்துப் பாருங்கள். பாசமலர், பாவமன்னிப்பு, பாலும் பழமும் மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. மூன்றுக்கும் இயக்குநர் பீம்சிங், மூன்றுக்கும் இசை இரட்டையர், பாட்டுகள் கண்ணதாசன். தாலாட்டு, ஒப்பாரியின் சாயல், காதல், தத்துவம் என்று ஒரு மனிதருக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டிய பாட்டுகள் ஒரே வருடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. ‘வந்த நாள் முதல்’ பாட்டில் சீழ்க்கையும் அக்கோர்டியனும் சைக்கிள் ஓட்டத்துக்குத் துணை போகும் விதத்தைக் கேளுங்கள். மேற்கத்திய வாத்தியம் வந்து உட்கார்ந்துகொண்டது போலவே இராது. அது நம்முடையதாகவே ஆகிவிட்டிருக்கும்.

1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்குப் பிறகு இரட்டையர் பிரிந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். ஆகவே 1952க்கும் 1965க்கும் இடைப்பட்ட பாட்டை அறிவிக்கும்போது “இசை எம்.எஸ்.வி” என்று மட்டும் சொல்வது பிழை. எங்கள் மேடையில் இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மெட்டு முன்பா, வரி முன்பா?

இரண்டு விதமாகவும் நடந்தது. ஆனால் திரைப்பாட்டில் மெட்டு முன்னே போய், வரி பின்னே வருவதே பெரும்பாலான வழக்கம். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டைப் பாடிக் காட்டுவார். அதில் சொல் இருக்காது, தத்தகாரம் மட்டும் இருக்கும். கவிஞர் அந்தச் சந்தத்துக்குள் குறில், நெடில், ஒற்று எல்லாம் சரியாக விழும்படி சொல் அடுக்க வேண்டும். படத்தில் அந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறதோ அதற்கும் வரி பொருந்த வேண்டும், தனியே எடுத்துப் பாடினாலும் நிற்க வேண்டும்.

இதில் கண்ணதாசனின் கெட்டித்தனம் எங்கே தெரிகிறது என்றால், அடியின் கடைசி ஓசையில். ‘அவன்தான் மனிதன்’ (1975) படத்தின் ‘அன்பு நடமாடும் கலைக்கூடமே’ பாட்டில் அடிக்கு அடி “மே” என்று முடியும். மே மாதப் படப்பிடிப்பைப் பற்றிய பேச்சிலிருந்து அந்த ஓசை பிறந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கதை ஒருபுறம் இருக்கட்டும், காதைக் கொடுத்துக் கேட்டால் வேறொன்று புரியும். “மே” என்பது நெடில், அதன் பின்னால் வாயை மூடும் மெய்யெழுத்து இல்லை. டி.எம்.சௌந்தரராஜனும் வாணி ஜெயராமும் அந்த இடத்தில் குரலை விரும்பிய மட்டும் நீட்டிக்கொள்ளலாம். மெட்டு நீளக் கேட்கும் இடத்தில் சொல்லும் நீள்கிறது. ‘பட்டினப் பிரவேசம்’ (1977) படத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய ‘வான் நிலா நிலா அல்ல’ பாட்டில் “லா” என்ற ஓசை செய்வதும் இதே வேலை.

மாறாக ‘பலே பாண்டியா’ (1962) படத்தின் ‘அத்திக்காய் காய் காய்’ பாட்டைப் பாருங்கள். “காய்” என்பது யகர ஒற்றில் போய் முடிகிறது. அதிக நேரம் இழுக்க முடியாது, சட்டென்று வெட்டிக்கொள்ளும். நான்கு குரல்கள் மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாக வரும் பாட்டுக்கு அந்த வெட்டுத்தான் தேவை. காய்க்குள் காயாகப் பொருளை மறைத்து வைத்ததைத் தமிழாசிரியர்கள் விளக்குவார்கள். ஓசைக்கு அது என்ன செய்தது என்பதைப் பாடகர்கள் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு எச்சரிக்கை: ‘பார்த்தேன் சிரித்தேன்’ பாட்டில் “தேன்” அடுக்கடுக்காக வருவதால் அதையும் இந்தக் கூட்டணியின் கணக்கில் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். எழுதியவர் கண்ணதாசன்தான். ஆனால் ‘வீர அபிமன்யு’ (1965) படத்துக்கு இசை கே.வி.மகாதேவன்.

“சிவாஜி பாட்டு”, “எம்.ஜி.ஆர் பாட்டு” என்று சொன்னால் என்ன குறை?

பழக்கத்தில் சொல்கிறோம், அதில் அன்பும் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அது மனத்தில் உறுத்துகிறது. முகம் காட்டியவரின் பெயர் நிற்கிறது. குரல் கொடுத்தவரின் பெயர் பாதிப் பேருக்குத் தெரிகிறது. மெட்டமைத்தவர், எழுதியவர், வயலின் வாசித்தவர் என்று போகப் போகப் பெயர்கள் இருட்டுக்குள் போய்விடுகின்றன.

நம் மண்ணின் வழக்கம் இப்படி அல்லவே! வடமோடியோ தென்மோடியோ, ஒரு கூத்துக் களரி ஏறினால் அதைப் பழக்கிய ஆசானான அண்ணாவியார் யார் என்று தெரியாமல் யாரும் திரும்பிப் போவதில்லை. ஆடுபவர்களுக்குச் சட்டம் (அவரவர் பாட்டு ஏடு) கொடுக்கும் நாளிலிருந்து அரங்கேற்றம் வரைக்கும் அண்ணாவியாருக்குத்தான் முதல் மரியாதை. ராசாவாக ஆடியவரைப் புகழ்வார்கள், ஆனால் “இது இன்ன அண்ணாவியார் பழக்கிய கூத்து” என்றுதான் ஊர் பேசும். மத்தளம் அடித்தவரையும் விட்டுவிட மாட்டார்கள். ஆட்டுவித்தவருக்குப் பெயர் சொல்லும் நாகரிகம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திரைப்பாட்டுக்கும் நீட்டினால் போதும்.

இலங்கை வானொலி அப்படித்தானே அறிவித்தது?

ஆம். எஸ்.பி.மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் போன்றோர் வர்த்தக சேவையில் பாட்டைத் தொடங்கும் முன் படம், பாடியவர், இசை, இயற்றியவர் என்று பெயர்களைச் சொல்லிப் பழக்கினார்கள். ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு வளர்ந்த தலைமுறை கிழக்கில் வயல் வரம்பிலும் தோணியிலும் நின்றபடியே பாடலாசிரியரின் பெயரை மனப்பாடம் செய்தது. அந்த வானொலி அலை தமிழ்நாட்டின் தெற்குக் கரைக்கும் எட்டி, அங்குள்ளவர்களுக்கும் தமிழ்ப் பாட்டை அறிமுகப்படுத்தியது.

இன்று கைபேசியில் பாட்டு ஓடுகிறது, பெயர் ஓடுவதில்லை. அதனால் அறிவிப்பாளரின் பொறுப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

மரண வீட்டில் ‘வீடுவரை உறவு’ ஒலிபரப்புவது சரியா?

சரிதான். ‘பாத காணிக்கை’ (1962) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது. படத்தின் பெயரே தெரியாதவர்களும் அதைக் கேட்டு அழுகிறார்கள் என்றால், அந்தப் பாட்டு திரையை விட்டு ஊருக்குள் குடிவந்துவிட்டது என்று பொருள். ஒலிபெருக்கியின் சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து வரும் கூட்டத்துக்கு எந்தப் பாட்டு பொருந்தும்?

கல்முனை, அக்கரைப்பற்று, சாய்ந்தமருதுப் பக்கத்து நண்பர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எனக்குத் தயக்கமே இல்லை: ‘குழந்தைக்காக’ (1968) படத்தின் ‘ராமன் என்பது கங்கை நதி’. ராமனையும் அல்லாவையும் இயேசுவையும் மூன்று நதிகளாக்கிக் கடலில் சேர்க்கிற பாட்டு. எழுதியவர் கண்ணதாசன், இசை விஸ்வநாதன். சிறந்த பாடலாசிரியருக்கான இந்திய தேசிய விருது அந்த ஆண்டில்தான் முதன்முறையாக வழங்கப்பட்டது. அந்த முதல் விருது ‘குழந்தைக்காக’ படத்துக்காகக் கண்ணதாசனுக்குக் கிடைத்தது.

அடுத்து ‘முகமது பின் துக்ளக்’ (1971) படத்துக்காக விஸ்வநாதனே தம் குரலில் பாடிய ‘அல்லா அல்லா’. இதை எழுதியவர் வாலி. விஸ்வநாதனின் குரல் மெருகேற்றிய குரல் அல்ல, தொண்டையின் அடியிலிருந்து எழுந்து உச்சத்தில் கிழிந்து நிற்கும் குரல். இறைவனைக் கூப்பிடும் பாட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கண்ணதாசன் ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதிய கையாலேயே ‘இயேசு காவிய’மும் எழுதியவர் என்பதையும் மேடையில் சொல்லுங்கள்.

கார்லோஸ் கார்தேல் யார்? நமக்கும் அவருக்கும் என்ன?

தாங்கோ என்பது அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து பெற்றெடுத்த இசை. முதலில் ஆட்டத்துக்கான வாத்திய இசையாகவே பெரிதும் அறியப்பட்டது. 1917இல் கார்தேல் ‘மி நோச்சே த்ரிஸ்தே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதன் பிறகுதான் தாங்கோ பாடுவதற்குமான இசையாக நிலைபெற்றது. அந்தப் பாட்டு பிறந்த விதம் நமக்கு மிகவும் பழகியது. சாமுவேல் காஸ்த்ரியோத்தா என்பவர் முன்பே அமைத்திருந்த வாத்திய மெட்டுக்குப் பாஸ்குவால் கொந்தூர்சி என்ற கவிஞர் பிறகு வரி எழுதினார். மெட்டு முன், வரி பின். நம்மவர்கள் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து செய்ததை அவர்கள் பியானோவின் முன் செய்திருக்கிறார்கள்.

1930களில் கார்தேல் படங்களில் நடித்துப் பாடத் தொடங்கியபோது லெ பெரா உடன் சேர்ந்தார். 1900இல் பிரேசிலில் பிறந்தவர் லெ பெரா. மெட்டு கார்தேல், வரி லெ பெரா. ‘எல் தியா கே மே கியேராஸ்’, ‘போர் உனா கபேசா’ எல்லாம் இவர்கள் படைத்தவை. லெ பெரா செய்த ஒரு காரியத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். புவெனஸ் ஐரிஸ் தெருக்களில் மட்டும் புரியும் கொச்சைச் சொற்களைக் குறைத்து, ஸ்பானிய மொழி பேசும் எந்த நாட்டவருக்கும் புரியும் சொற்களில் எழுதினார். அதனால் அந்தப் பாட்டுகள் மெக்சிகோவரை சென்றன. பாமரருக்கும் பண்டிதருக்கும் ஒரே வரியில் பேசிய நம் கவிஞரை எனக்கு அவர் நினைவூட்டுகிறார்.

1935 ஜூன் 24இல் கொலம்பியாவின் மெடயின் விமான நிலையத்தில், புறப்பட ஓடிய அவர்களுடைய விமானம் விலகி, காத்து நின்ற மற்றொரு விமானத்தில் மோதித் தீப்பற்றியது. கார்தேலுக்கு அப்போது 44 வயது. கிட்டார் வாசித்த பார்பியேரியும் லெ பெராவும் அவரோடு போனார்கள். கார்தேலின் உடலை நெடும்பயணமாகக் கொண்டுவந்து 1936 பெப்ரவரியில் புவெனஸ் ஐரிஸின் சகாரீத்தா இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அவருடைய சிலையின் விரலிடுக்கில் இன்றும் ரசிகர்கள் சிகரெட் பற்றவைத்துச் செருகுகிறார்கள். “நாளுக்கு நாள் இன்னும் நன்றாகப் பாடுகிறார்” என்பது அந்த நாட்டில் அவரைப் பற்றி வழங்கும் வாக்கு. அவருடைய மூல ஒலிப்பதிவுகளை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

லெ பெராவின் பெயரைக் கார்தேலின் பெயரோடு சேர்த்துச் சொல்பவர்கள் உலகில் குறைவு. நாமாவது சொல்வோம்.

பீட்டில்ஸ் மியூனிக்கில் பாடியதில் என்ன முக்கியம்?

1966 ஜூன் 24இல் சர்க்கஸ் குரோனே அரங்கில் இரண்டு காட்சிகள் நடத்தினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். ஹாம்பர்க் இரவு விடுதிகளில் பெயர் தெரியாமல் வாசித்த பையன்கள், உலகப் புகழோடு ஜெர்மனிக்குத் திரும்பிய பயணம் அது. ஆனால் அந்த மேடையில் முக்கியமானது, அவர்கள் பாடாமல் விட்டவை. ‘ரிவால்வர்’ இசைத்தட்டை அப்போதுதான் பதிவு செய்து முடித்திருந்தார்கள். அது ஆகஸ்டில் வெளிவந்தது. அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட அந்தச் சுற்றுப்பயணத்தில் பாடவில்லை. நாடாவைத் தலைகீழாக ஓட்டியும், நரம்பு வாத்தியக் குழுவைச் சேர்த்தும், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினோடு ஸ்டுடியோவுக்குள் உருவாக்கிய இசையை நான்கு பேர் மேடையில் கொண்டுவர முடியாத நிலை. ஆகஸ்ட் 29இல் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு சுற்றுப்பயணங்களை அடியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதே பயணத்தில் ஜப்பானும் மணிலாவும் போய்விட்டு ஜூலை தொடக்கத்தில் டெல்லியில் இறங்கினார்கள். ஜார்ஜ் ஹாரிசன் அங்கே சித்தார் வாங்கினார்.

ஜெஃப் பெக் பற்றி ஒரு வரியில்?

ஒரு வரி போதாது. 1965இல் யார்ட்பேர்ட்ஸ் குழு ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ பாட்டுக்காக ஒரு சித்தார் கலைஞரை அழைத்துப் பதிவு செய்து பார்த்தது. அது அவர்கள் நினைத்தபடி அமையவில்லை. உடனே அந்தக் குழுவின் கிட்டார் கலைஞரான ஜெஃப் பெக், ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் கருவியை மின்கிட்டாரோடு இணைத்து, சித்தாரின் சாயலை அதிலிருந்தே எடுத்துவிட்டார். அந்தப் பதிவுதான் வெளிவந்தது. பிற்காலத்தில் நரம்பை மீட்டும் கட்டையை (பிக்) எறிந்துவிட்டு விரல்களாலேயே வாசித்தார். அவருடைய கிட்டார் மனிதக் குரல்போலக் குழைந்து பேசும். 2023 ஜனவரி 10இல் மறைந்தார். கிட்டார் பழகும் நம் பிள்ளைகள் வேகத்தைத் தேடுவதைவிட அந்தக் குழைவைத் தேடலாம்.

மைக்கேல் ஜாக்சன் இறந்தது 24ஆ, 25ஆ?

2009 ஜூன் 25. ஜூலையில் லண்டனில் தொடங்கவிருந்த தொடர் நிகழ்ச்சிக்காக 24ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சலிஸில் ஒத்திகை பார்த்தார். அதுவே அவருடைய கடைசி ஒத்திகை.

ஸ்நாபக அருளப்பர் விழாவுக்கும் இசைக்கும் என்ன தொடர்பு? இது ஜனரஞ்சக இசையே அல்லவே?

ஜனரஞ்சக இசைக்காரர்களும் சொல்லும் சுரப் பெயர்களே இங்கிருந்துதான் வந்தன. அந்த விழாவுக்குரிய லத்தீன் துதிப்பாட்டு ஒன்று உண்டு. அதன் முதல் ஆறு அடிகளும் ஒன்றைவிட ஒன்று ஒரு சுரம் மேலே தொடங்கும். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் பாடகர்களைப் பழக்கிய குய்தோ என்ற துறவி, அந்த அடிகளின் முதல் அசைகளையே சுரப் பெயர்களாக்கினார்: ஊத், ரே, மி, ஃபா, சோல், லா. பின்னாளில் ஊத் என்பது “தோ” ஆனது, ஏழாவது சுரத்துக்கு “சி” வந்தது. கீபோர்ட் வகுப்பில் பிள்ளைகள் சொல்லும் தோ, ரே, மி ஜூன் 24இன் பாட்டிலிருந்து பிறந்தவை.

இதைச் சொல்லும்போது காரைதீவைச் சொல்லாமல் போக என்னால் இயலாது. அம்பாறை மாவட்டத்தின் அந்த ஊரில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழர் இசையின் ஏழு நரம்புகளான குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஆகியவற்றின் கணக்கைப் பல்லாண்டு ஆராய்ந்து ‘யாழ்நூல்’ படைத்தார். விஞ்ஞானம் படித்தவர் என்பதால் நரம்பின் நீளத்தையும் சுரத்தின் உயரத்தையும் கணிதமாகவே நிறுவினார். நூல் 1947 ஜூனில் அரங்கேறியது, ஜூலை 19இல் அவர் மறைந்தார். கல்லடியில் அவர் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று இசை பயிலும் மாணவர்களுக்கு இரண்டு மரபுகளும் தெரிந்திருக்க வேண்டும்.

நம்முடைய பொப் பாடகர்களை ஏன் சேர்க்கவில்லை?

தேதிக்காக இழுத்துக்கட்ட வேண்டாம் என்பதால். ‘சுராங்கனி’ பாடிய ஏ.ஈ.மனோகரனுக்கு ஜனவரி 22 இருக்கிறது, 2018இல் அவர் மறைந்த நாள். அதற்குத் தனியாக ஒரு மாலை வைப்பதே மரியாதை. அன்றைக்குப் பைலாவையும் மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்றிஞ்ஞா ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு மாலை நடத்த விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நேரம். ஜூன் கடைசியில் பகல் முழுவதும் கச்சான் காற்று காய்ச்சும். மேடையில் உட்கார்ந்து பாடுபவர்களின் தொண்டை வறண்டுவிடும். வெயில் தாழ்ந்தபின் தொடங்குங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பௌத்தர்களின் புனித நாளான பொசன் பௌர்ணமி சில ஆண்டுகளில் இதே வாரத்தில் வரும். 2021இல் அதே நாளிலேயே வந்தது. ஆகவே நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

பாட்டுகளைப் பன்னிரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். இருபத்தைந்து பாட்டை ஓட்டமாக ஓடி முடிப்பதைவிட, பன்னிரண்டை நிறுத்திப் பாடி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நிமிடம் பேசுவது மேல். அறிவிப்பாளரின் தாளில் ஐந்து விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: படம், ஆண்டு, எழுதியவர், இசை, பாடியவர். விவரத்தில் ஐயம் வந்தால் இணையத்தில் முதலில் கண்ணில் படுவதை நம்பாமல், படத்தின் பெயர் அட்டையைத் தேடிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கண்ணதாசன் எழுதியதை வாலிக்கும் வாலி எழுதியதைக் கண்ணதாசனுக்கும் மாற்றிக் கொடுக்கும் பட்டியல்கள் ஏராளம்.

உள்ளூர் இசைக்குழுவாக இருந்தால் வாசிப்பவர்களின் பெயர்களையும் சொல்லுங்கள். கீபோர்ட் வாசிப்பவரும் தபேலா வாசிப்பவரும் இரவிரவாகப் பழகிவிட்டு வருகிறார்கள். பொன்னாடை பிரமுகருக்கு மட்டும் போய்ச் சேருவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கார்தேல், பீட்டில்ஸ் பாட்டுகளை ஒலிப்பதிவாகப் போட்டுக் கேட்பதும் நல்லது. ‘போர் உனா கபேசா’வின் வயலின் தொடங்கியதும் சின்னப் பிள்ளைகளும் அமைதியாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் என்றால்?

‘மலர்ந்தும் மலராத’. பாசமலர், 1961. பாடியவர்கள் டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா. தாலாட்டாகத் தொடங்கி, பிரிந்த அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் நினைத்து ஏங்கும் பாட்டாக மாறி, மீண்டும் தாலாட்டாகவே முடிகிறது. மெட்டு எங்கே முடிந்து சொல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட முடியாத பாட்டு.

கண்ணதாசன், எம்.எஸ்.வி மறைந்த நாள்களிலும் கூட்டம் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். கண்ணதாசன் 1981 ஒக்டோபர் 17இல் சிகாகோவில் மறைந்தார். ‘மூன்றாம் பிறை’ படத்துக்கு இளையராஜாவின் இசையில் எழுதிய ‘கண்ணே கலைமானே’ அவருடைய கடைசித் திரைப்பாடல் என்று பலரும் குறிப்பிடுவார்கள். அன்றைக்கு அதைப் பாடலாம். விஸ்வநாதன் 2015 ஜூலை 14இல் சென்னையில் மறைந்தார். தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் அவர், பத்ம விருது எதுவும் பெறாமலே போனவர். இந்த இரண்டு நாள்களோடு மே 15ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். டி.கே.ராமமூர்த்தி 1922இல் பிறந்த நாள் அது. எங்கள் வாசிகசாலையில் இனி அதற்கும் ஒரு மாலை உண்டு. வயலின் வாசிக்கத் தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள்.